பெரிகோரேசிஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

நான் இறையியலை முறையாகப் பயின்றவன் அல்லன். வேலை முடிந்த மாலைகளில் இரண்டு மூன்று பக்கங்கள் படித்து, படித்ததைத் தமிழில் குறிப்பேட்டில் எழுதிப் பார்ப்பவன். எழுத வராத இடத்தில்தான் எனக்கு விளங்கவில்லை என்பதே தெரியவருகிறது. இப்போது மூன்று வாரங்களாக ஒரே கிரேக்கச் சொல்லில் நிற்கிறேன்: பெரிகோரேசிஸ்.

திரித்துவத்தின், அதாவது ஒரே கடவுளாகிய பிதா, குமாரன், ஆவியானவர் என்ற மூன்று ஆள்களும் அருகருகே நிற்பவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் மற்ற இருவருள் முழுமையாக இருக்கிறார். ஆனாலும் ஒருவர் மற்றவராகிவிடுவதில்லை. யோவான் நற்செய்தி 14:10இல் "நான் பிதாவிலும், பிதா என்னிலும்" என்று இயேசு சொல்வதை ஒரே சொல்லில் பிடிக்கும் முயற்சி இது. 4ஆம் நூற்றாண்டில் நசியான்சு நகர் கிரகோரி என்ற இறையியலாளர், கிறிஸ்துவின் இறை இயல்பையும் மனித இயல்பையும் பற்றிப் பேசுகையில் இதன் வினைவடிவத்தைக் கையாண்டார். 8ஆம் நூற்றாண்டில் தமஸ்கு யோவான் என்ற துறவி இச்சொல்லைத் திரித்துவத்துக்கும் ஆண்டார்.

இதற்குக் 'கூடி நடனமாடுதல்' என்று பொருள் சொல்வோர் உண்டு. கேட்க இனிக்கிறது, சொல்லின் வேர் அதை ஏற்கவில்லை. நடனத்தைக் குறிக்கும் கொரோஸ் குறில். நம் சொல்லில் இருப்பதோ நெடில். இடத்தைக் குறிக்கும் கோரா என்பதன் உறவு. கொடு வேறு, கோடு வேறு என்று அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆகவே ஆடல், கூத்து என்று தொடங்கும் எதையும் நான் எடுக்கவில்லை.

'ஊடுருவல்' என்று எழுதிப் பார்த்தேன். அதில் ஒருவர் நுழைகிறார், மற்றவர் நுழையப்படுகிறார். பகைப்படையின் நினைவும் கூடவே வருகிறது. 'கலப்பு' கூடவே கூடாது. கிறிஸ்துவின் இரு இயல்புகளும் கலவாமல், மாறாமல், பிளவுபடாமல், பிரியாமல் இருக்கின்றன என்று 451இல் கல்கெதோனில் கூடிய திருச்சபைச் சங்கம் அறிக்கையிட்டது; அதன் முதல் மறுப்பே கலத்தல்தான். 'உள்ளுறைதல்' நல்ல சொல். ஆனால் விசுவாசிக்குள் ஆவியானவர் தங்குவதற்கு அது ஏற்கெனவே வேண்டியிருக்கிறது. 'உடனுறைவு' என்றால் பக்கத்தில் இருப்பதாகிவிடும்.

என் முன்மொழிவு: ஊடுறைவு. ஊடு + உருவு, ஊடுருவு ஆனதுபோல ஊடு + உறை, ஊடுறை. குறை சொல்லுங்கள்.

*

மறுமொழி:

அன்புள்ள தம்பிக்கு,

'ஒருவருள் ஒருவர்' என்று தொடங்கும் சொல் ஒன்றை நீங்கள் தேடாதது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. பிறகு காரணம் புரிந்தது. மூன்று ஆள்கள் உயர்திணை. இரண்டு இயல்புகள் அஃறிணை. முதலாவதற்கு 'ஒருவருள் ஒருவர்', இரண்டாவதற்கு 'ஒன்றனுள் ஒன்று' என்று தமிழ் நம்மைப் பிரிக்க வைக்கும். கிரேக்கர் இரண்டுக்கும் ஒரே சொல்லை ஆண்டார்கள். திணை காட்டாத ஊடுறை இரண்டுக்கும் பொருந்துகிறது. அதை வரவேற்கிறேன்.

ஆனால் 'உறைவு' எனக்கு உறுத்துகிறது. மருத்துவத்தில் குருதி உறைவு என்கிறோம். உயிருள்ள உறவைச் சொல்ல வந்த சொல் கட்டிப்போய் நிற்கலாமா?

*

ஐயா,

திணை பற்றி நீங்கள் சொன்னதை நான் யோசித்திருக்கவே இல்லை. அந்தப் பெருமை எனக்குரியதன்று.

உறைவு பற்றிய குறையை ஒப்புக்கொள்கிறேன். 'உறையுள்' என்றால் வீடு. 'இறைவன் உறைகிறார்' என்றால் எவரும் பனிக்கட்டியை நினைப்பதில்லை. எனவே உறை என்ற வேரில் குற்றமில்லை. -வு சேரும்போதுதான் சொல் இறுகுகிறது. இலத்தீன்காரர்களும் இதே இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். அவர்களது மொழிபெயர்ப்புச் சொல்லுக்கு ஒரே ஓர் எழுத்தில் வேறுபடும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்றில் நடத்தல் இருக்கிறது, மற்றொன்றில் அமர்தல். அமர்ந்த வடிவம் பிற்பாடு வந்தது. நான் அறியாமலே அமர்ந்த சொல்லை எடுத்துவிட்டேன்.

'ஊடுறைதல்' என்று தொழிற்பெயராகவே வைத்துக்கொள்வோமா? தங்குதலும் இருக்கும், அது ஓயாமல் நிகழ்வதும் இருக்கும். இன்று மாலை அதை வைத்து இரண்டு வரி எழுதிப் பார்த்தேன்:

"பிதாவும் குமாரனும் ஆவியானவரும் ஊடுறைகின்றனர். கிறிஸ்துவில் இறை இயல்பும் மனித இயல்பும் கலவாமல் ஊடுறைகின்றன."

முதல் வரி நிற்கிறது என்று நம்புகிறேன். 'தந்தையும் மகனும் தூய ஆவியாரும்' என்று சொல்லும் கத்தோலிக்க நண்பர்களின் வாயிலும் அது இடறாது. இரண்டாவது வரியில்தான் எனக்கு ஐயம். இயல்புகளைப் பொறுத்தவரை, இறை இயல்பே மனித இயல்பை நிறைக்கிறது என்று தமஸ்கு யோவான் ஒரு திசையை அழுத்திச் சொல்கிறார். அங்கே 'ஊடுறைதல்' இரு பக்கமும் சமம் என்ற எண்ணத்தைத் தந்துவிடுமா? நீங்கள் அந்த வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்து எழுதுங்கள் ஐயா. அதுவரை குறிப்பேட்டில் அந்த வரியைப் பென்சிலில்தான் வைத்திருக்கிறேன்.