ஸ்கூட்டரில் காலை நேரப் புகை: பிளாக், பிஸ்டன் மாற்றத்தான் வேண்டுமா?

தஞ்சை ஆசிரியை:
வணக்கம். என்னுடையது 110 சிசி ஸ்கூட்டர், 2014 மாடல், கார்புரேட்டர் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று வருகிறது. தெருமுனையைத் தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறது. பிக்கப், மைலேஜ் இரண்டும் பழையபடியே இருக்கின்றன; ஆனால் என்ஜின் ஆயில் குறைகிறது. சர்வீஸ் நிலையத்தில் ஆக்சிலரேட்டரை இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டு, "பிளாக் (சிலிண்டர்), பிஸ்டன் மாற்ற வேண்டும், 9,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் பாய், "வால்வு சீல்தான் போயிருக்கிறது, இரண்டாயிரத்துக்குள் முடித்துவிடலாம்" என்கிறார். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வண்டிகளைப் பார்ப்பவர். ஆனாலும் பழகியவர் என்பதற்காக மட்டும் என்ஜினை ஒப்படைக்கலாமா?

வண்டிப் பித்தன்:
முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலும் புகை வரும்.

தஞ்சை ஆசிரியை:
பார்த்துவிட்டேன். கீழ்க் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

லேத் பட்டறை:
அம்மா, நீங்கள் சொல்லும் அடையாளம் பாய் பக்கம்தான் பேசுகிறது. வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் வால்வு சீல். அது இறுகிப்போனால், வண்டி இரவு முழுக்க நிற்கும்போது மேலே தங்கிய ஆயில் வால்வுத் தண்டு வழியாகக் கசிந்து உள்ளே இறங்கும். காலையில் அது எரிந்து தீரும் வரைதான் புகை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்த வண்டி நேரம் பார்க்காது. சூடான பிறகும், பாலம் ஏறும்போதும் புகைத்துக்கொண்டே போகும், இழுவையும் குறையும்.

ஊகம் வேண்டாமென்றால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை அளந்துவிட்டு, பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பிளாக்கின் மேல் கை வைக்காதீர்கள். இந்தச் சோதனைக்கு யார் முகம் சுளிக்காமல் சம்மதிக்கிறாரோ அவரிடம் வண்டியை விடுங்கள்.

கொஞ்சம் பொறுங்கள்:
பாய் நல்லவர் என்பது வேறு, அவர் சொல்வது சரி என்பது வேறு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டரே இல்லை, சென்சார் பார்த்து மின்னணு முறையில்தான் பெட்ரோல் போகிறது. சென்சார் கோளாறைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அப்படியும் அந்த வண்டிகளைப் பிரித்துப்போட்டுவிட்டுக் கையைப் பிசைபவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர், "இதற்கான கருவி என்னிடம் இல்லை, கம்பெனிக்கே கொண்டுபோங்கள்" என்று என்னைத் திருப்பி அனுப்பினார். என் பழைய பைக்குக்கு இன்றும் அவர்தான்.

தஞ்சை ஆசிரியை:
வேலை முடிந்துவிட்டது. சோதனையைப் பற்றித் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். பாய் கோபித்துக்கொள்ளவில்லை, பக்கத்துப் பட்டறையில் கேஜை இரவல் வாங்கி வந்து என்னையே முள்ளைப் பார்க்கச் சொன்னார். ஆயில் விட்ட பிறகும் அது ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றது. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் டார்ச் அடித்து சிலிண்டர் சுவரைக் காட்டினார். புதிதில் சுவரைத் தீட்டும்போது (ஹோனிங்) விழுந்த குறுக்குக் கோடுகள் இன்னும் அழியாமல் இருந்தன. "இதையா மாற்றச் சொன்னார்கள்?" என்றார், அவ்வளவுதான், சர்வீஸ் நிலையத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பழைய சீலை நகத்தால் அழுத்தினேன், அப்பளம் போல் உடைந்தது. அதையும் பழைய ஹெட் கேஸ்கெட்டையும் புதுப் பொருள் வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு, உதிரிபாகக் கடை ரசீதோடு கொடுத்தார். டிரைவ் பெல்ட்டையும் மாற்றிவிடலாமா என்று நானாகக் கேட்டதற்கு, "இன்னும் ஓடும், பணத்தை வைத்திருங்கள்" என்றுவிட்டார். மொத்தம் 1,750 ரூபாய். காலையில் இப்போது புகை இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். தடித்த ஆயில் ஊற்றினால் புகை திரும்ப வராது என்கிறார் கடைக்காரர். கையேட்டில் ஆயில் தடிமன் 10டபிள்யூ-30 என்று இருக்கிறது.

லேத் பட்டறை:
கையேட்டில் உள்ளதையே ஊற்றுங்கள். தடித்த ஆயில் பழைய சீலின் கசிவை மறைக்கத்தான் உதவும், உங்கள் சீல் புதிது. ஒரு மாதம் கழித்து, சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு ஆயில் அளவைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை இழை திறந்தே இருக்கட்டும்.