நல்ல மெடிக்கல் எதுன்னு எப்படி சொல்றது? மாத்திரை அட்டைய வெட்டித் தர்றது சரியா தப்பா?

காவிரிக்கரை:
நேத்து ஒருத்தர் "20% தள்ளுபடி, அஞ்சு நிமிஷத்துல மாத்திரை கைக்கு வருது, இதுக்கு மேல மெடிக்கல்ல என்ன சர்வீஸ் வேணும்"னு எழுதியிருந்தாரு, அதுக்கு இத்தன லைக். படிச்சதுல இருந்து எரிச்சல். எங்கம்மாவுக்கு சுகரும் பிரஷரும். மாத்திரை டப்பாவ திறந்தா எல்லாம் வெட்டுன துண்டு, ஒண்ணுலயும் எக்ஸ்பைரி தேதி கிடையாது, பேர்ல பாதி எழுத்துதான் இருக்கு. தேதி இருக்குற முனைய கடையிலயே வச்சுக்கிட்டு மறுமுனையில வெட்டித் தர்றவங்களுக்கு தள்ளுபடிய பாத்து மார்க் போடணுமா?

திண்டுக்கல்_கவுண்டர்:
எழுதுனது நான்தான். கூலி வேலை முடிச்சு வர்றவரு "ரெண்டு நாளைக்கு மட்டும் குடுப்பா"ன்னு கேட்டா 15 மாத்திரை அட்டைய அவரு தலையில கட்டவா? தேதி முனை என்கிட்ட இருந்தாத்தான் மீதி எப்ப காலாவதின்னு எனக்குத் தெரியும். பில்லுல பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி எல்லாம் இருக்கே, படிக்க வேண்டியதுதானே?

காவிரிக்கரை:
பில்லா? கேட்டாத்தான பில்லே வருது, அதுவும் மூஞ்சிய சுளிச்சுக்கிட்டு. 70 வயசு அம்மா ராத்திரி பில்ல தேடி எடுத்து துண்டோட ஒப்பிட்டுப் பாத்துட்டு மாத்திரை போடணுமாக்கும்! 2023 ஆகஸ்ட்ல இருந்து மருந்து அசலான்னு பாக்க 300 பிராண்டுக்கு கியூஆர் கோடு கட்டாயம்னு கொண்டுவந்தாங்க, அந்த இடத்தையும் கத்தரியில வெட்டிட்டா எத ஸ்கேன் பண்றது?

வைகை_ரவி:
முதல்ல சர்வீஸ் தரம்னா என்னன்னு பேசிக்கலாமே? விலையா, மருந்து சரியா இருக்கறதா, எப்படி சாப்பிடணும்னு சொல்றதா?

திண்டுக்கல்_கவுண்டர்:
ரவி, அத அப்புறம் பாப்போம். வெட்டாம விக்கச் சொல்றவங்க மீதி 13 மாத்திரைக்கு காசு தருவாங்களா, அத சொல்லுங்க.

பார்மசி_படிச்சவ:
அட்டைய விடுங்க, வெட்டுறது யாரு? 1948 பார்மசி சட்டம் 42வது பிரிவு என்ன சொல்லுது, டாக்டர் சீட்டுக்கு மருந்து குடுக்கறவங்க பதிவு பெற்ற பார்மசிஸ்டா இருக்கணும். இங்க சுவத்துல சர்டிபிகேட் தொங்குது, கவுண்டர்ல ஒரு பையன் நிக்கிறான். தரத்த அளக்கணும்னா நோயாளி மாதிரி ஆள அனுப்பி "வயித்துப்போக்கு"ன்னு கேக்கச் சொல்லணும், ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரை பொடி தர்றாங்களா, சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் தர்றாங்களான்னு பாக்கணும். ஆராய்ச்சியில அப்படித்தான் பண்றாங்க. 2014 மார்ச்சுல இருந்து ஹெச்1 பட்டியல் மருந்துக்கு (சில ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை மாதிரி கட்டுப்பாடு அதிகமானது) தனி ரிஜிஸ்டர், மூணு வருஷம் வச்சிருக்கணும். உங்க கடையில இருக்கா சார்?

திண்டுக்கல்_கவுண்டர்:
இருக்கு, வந்து பாருங்க. போன தடவ ஜெனரிக் (பிராண்ட் பேரு இல்லாம வர்ற அதே மருந்து) திரியிலயும் இப்படித்தான் படிப்ப காட்டி சண்டைக்கு வந்தீங்க, நான் மறக்கல.

பார்மசி_படிச்சவ:
நானும் மறக்கல. "ஜெனரிக்னா மட்டம்"னு சொன்னது நீங்கதான். இன்னிக்கு வரைக்கும் அத திருப்பி வாங்கல.

தெற்குத்தெரு:
முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரியில 1000 கடை திறந்தாங்க, ஜெனரிக் மலிவா கிடைக்குது. அங்க போயி வாங்குங்க, சண்டை எதுக்கு?

மெரினா_காத்து:
அம்மா மருந்தகம் 2014லயே வந்தாச்சு தம்பி, உங்க ஆளுங்க கண்டுபிடிச்ச மாதிரி பேசாதீங்க.

தெற்குத்தெரு:
யாரு என் ஆளுங்க? கட்சி பேசணும்னா வேற திரிக்குப் போங்க.

காவிரிக்கரை:
கட்சிய நிறுத்துங்க ரெண்டு பேரும். அரசு கடையோ தனியார் கடையோ, நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. வெட்டுறீங்களா, வெட்டுங்க, ஏழைக்கு ரெண்டு மாத்திரை வேணும்னா தரத்தான் வேணும், ஆனா ஒரு சின்ன கவர்ல மருந்து பேரு, எக்ஸ்பைரி, காலையா ராத்திரியான்னு பேனாவுல எழுதித் தர என்ன கஷ்டம்? கவர் என்ன விலை?

திண்டுக்கல்_கவுண்டர்:
சாயங்காலம் ஏழு மணிக்கு கவுண்டர்ல வந்து நின்னு பாருங்க, ஒவ்வொருத்தருக்கும் கவர்ல எழுதிக்கிட்டு இருந்தா பின்னாடி நிக்கிறவங்க பக்கத்து கடைக்குப் போயிடுவாங்க. அவங்களுக்கும் அஞ்சு நிமிஷம்தான் சர்வீஸ்.

வைகை_ரவி:
அதனாலதான் சர்வீஸ்னா என்னன்னு கேட்டேன்...

காவிரிக்கரை:
ரவி, கொஞ்சம் இருங்க. திண்டுக்கல் சார், கூட்டம்னு சொல்லி நழுவாதீங்க. தேதி முனை யாருகிட்ட இருக்கணும், மாத்திரை முழுங்குறவங்ககிட்டயா கடைக்காரர்கிட்டயா? அதுக்கு பதில் சொல்லுங்க.

திண்டுக்கல்_கவுண்டர்:
சொல்லியாச்சு. மேல போயி படிங்க.