உலக்கை நின்ற கதை: மக்களிடம் அறிவியல் பேசப் போன அனுபவங்கள்

அறிவியல் பேசப் போன இடத்தில் நீங்கள் எதைக் கற்றுக்கொண்டு வந்தீர்கள்? முதலில் நான் சொல்கிறேன், அப்புறம் நீங்களும் எழுதுங்கள்.

2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துக்கு முந்தின நாளே போய்விட்டோம். கோயில் திடலில் பந்தும் டார்ச் லைட்டும் வைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். நிலா கொஞ்சம் தள்ளி இருப்பதால் சூரியனை முழுசாக மறைக்காது, ஓரம் வளையமாகத் தெரியும் என்றெல்லாம் விளக்கினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கேள்வி இருக்கிறதா என்றதும் ஓர் அப்பத்தா மட்டும் வாய் திறந்தார்: "அதெல்லாம் சரி தம்பி, கிரகணத்தன்னைக்கு உலக்கை தானா நிக்குதே, அது எப்படி?"

"அது மூடநம்பிக்கை அப்பத்தா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போனது, கூட்டமும் கலைந்தது. கண்ணால் பார்த்ததைத்தான் அவர் கேட்டார். பார்க்காமலே இல்லை என்றவன் நான்.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலுக்கே போனேன். மார்கழிக் கோலத்துக்குப் பக்கத்தில் பித்தளைத் தாம்பாளம், அதில் தண்ணீர், நடுவில் உலக்கை. நின்றது! குனிந்து பார்த்தேன். அடியில் இரும்புப் பூண் தட்டையாக இருந்தது. கிரகணம் விட்டால் விழுந்துவிடும் என்பது ஊர் வழக்கு. "விழுகிற வரைக்கும் எடுக்க வேண்டாம் அப்பத்தா, பார்ப்போம்" என்றேன். பதினொன்றரை தாண்டியும் உலக்கை அசையவில்லை. அதற்கடுத்த நாள் அவரே நிறுத்திப் பார்த்தார், அன்றைக்கும் நின்றது. "அடி சப்பையா இருந்தா என்னைக்கும் நிக்கும்டீ" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவர்தான் சொன்னார். அந்த ஒரு வரியை என் முக்கால் மணி நேரப் பேச்சில் யாருக்கும் என்னால் கொடுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் பேத்தி ஏழு மாதக் கர்ப்பிணி, கிரகணம் முடியும்வரை உள்ளேயே இருந்தார். வெளியே வரச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. அது ஓட்டு வீடு. ஓட்டு இடுக்குகளில் விழும் வெளிச்சப் பொட்டுகள் ஒன்பதரை வாக்கில் தரையெங்கும் வளையங்களாக மாறின. ஒவ்வொரு சின்ன இடுக்கும் சூரியனின் படத்தையே தரையில் இறக்கும் என்று சொன்னேன். அந்தப் பெண் கையை நீட்டினார். உள்ளங்கையில் ஒளியால் ஆன ஒரு வளையல். மூன்று நிமிடம் கையை எடுக்கவே இல்லை.

*

ஆராய்ச்சி மாணவி ஒருவர்:

உங்கள் அப்பத்தாவைப் படித்ததும் இங்கிலாந்தின் கும்ப்ரியா ஆட்டு விவசாயிகள்தான் நினைவுக்கு வந்தார்கள். 1986இல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு மழையோடு கதிரியக்க சீசியம் அங்கே மலைப்புல்லில் இறங்கியது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் விஞ்ஞானிகள். களிமண்ணில் சீசியம் ஒட்டிக்கொண்டுவிடும், அந்தக் கணக்கை வைத்துச் சொன்னது. மலை மேலே இருந்ததோ மக்கிய கரிமண். அது சீசியத்தைப் பிடித்துவைக்காமல் மறுபடி மறுபடி புல்லுக்கே கொடுத்தது. ஆடுகளை விற்கப் போட்டிருந்த தடை கடைசிப் பண்ணைகளுக்கு நீங்கியது 2012இல்! தங்கள் மண்ணையும் மேய்ச்சலையும் அறிந்த விவசாயிகளை யாரும் கேட்கவில்லை என்பதைப் பிரையன் வின் என்ற சமூகவியலாளர் ஆய்வாக எழுதினார். மக்களுக்குத் தெரியாது, நாம் ஊற்றினால் நிரம்பிவிடும் என்ற எண்ணத்தை அசைத்த ஆய்வுகளில் அதுவும் ஒன்று. என் வழிகாட்டி எனக்கு முதலில் படிக்கக் கொடுத்ததும் அதுதான்.

*

கிராம சுகாதார செவிலியர் ஒருவர்:

எங்களுக்குப் பாடம் கிடைத்தது பாம்புக்கடி விஷயத்தில். இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாயால் உறிஞ்சாதீங்க என்று வருஷக்கணக்கில் படம் காட்டிச் சொன்னோம். சரி சரி என்பார்கள், அப்புறமும் கயிறு கட்டித்தான் வருவார்கள். ஒரு நாள், ஏன் கட்டுறீங்க என்று கேட்டேன். "ராத்திரி வண்டி கிடைக்கிற வரைக்கும் வேற என்னம்மா செய்ய?" என்றார் ஓர் அண்ணன். அதைக் கேட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போது எங்கள் தாளில் பாம்புப் படத்தைச் சின்னதாக்கிவிட்டோம். மேலே பெரிய எழுத்தில் 108, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரியின் பேர், ராத்திரியிலும் கூப்பிட்டால் வரும் இரண்டு ஆட்டோக்காரர்களின் நம்பர். முன்பெல்லாம் தாளை மடித்து வைத்துவிடுவார்கள். இப்போது கதவுக்குப் பின்னால் சோற்றுப் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள்.