பலகைச் சுவரின் இடுக்கு: லாசன், பேய்ன்டன் கதைகளுக்குள் நுழைந்தவர்கள் புனைபெயர்களில் பகிர்ந்தவை

மண்தரை:

ஆஸ்திரேலியப் புறநாட்டுக் கதைகளில் பெண்ணின் இடம் எது என்று தேடுபவர்கள் பெரும்பாலும் பெண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலில் அவள் குடியிருக்கும் வீட்டைப் பாருங்கள். ஹென்றி லாசனின் 'தி ட்ரோவர்ஸ் வைஃப்' (1892, 'புல்லட்டின்' இதழ்), பார்பரா பேய்ன்டனின் 'தி சோசன் வெசல்' இரண்டிலும் வீடு ஒரே மாதிரிதான். ஆப்பு அடித்துப் பிளந்த கனத்த பலகைகளை நிறுத்திச் சுவராக்கியிருப்பார்கள். அவற்றைப் பச்சை மரமாகவே நிறுத்திவிடுவது வழக்கம். மரம் காயக் காய அகலம் சுருங்கி, பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு விழும். இரண்டு கதைகளும் அந்த இடுக்கில்தான் நடக்கின்றன.

லாசன் கதையில் மந்தை ஓட்டிப் போன கணவன் மாதக்கணக்கில் திரும்பவில்லை, மனைவி பிள்ளைகளோடு தனியாக இருக்கிறாள். வீட்டுக்கு இரண்டு அறை. ஒரு முனையில் வீட்டைவிடப் பெரிய சமையற்கட்டு, அதற்கு மண்தரை. பக்கத்து மனித வாடை என்றால் 19 மைல் தள்ளி ஒரு சாராயக் கடை. பாம்பு வீட்டின் பலகைத் தளத்துக்கு அடியில் புகுந்துவிடுகிறது. அவள் நான்கு பிள்ளைகளையும் சமையற்கட்டு மேசைமேல் படுக்க வைக்கிறாள். தட்டில் பால் வைத்துப் பார்க்கிறாள், பாம்பு வரவில்லை. ஒரு பச்சைக் கழி, தையல் கூடை, ஒரு பெண்கள் பத்திரிகை, அலிகேட்டர் என்ற நாய் ஆகியவற்றோடு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாள். விடியப்போகும் நேரத்தில் இரண்டு கண்கள் தெரிவது அந்தச் சுவர் இடுக்கில்தான்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'வீரத்தாய்' என்று சொல்லிக் கதையை மூடிவிடுவார்கள். இரவெல்லாம் அவள் நினைத்துப் பார்ப்பவற்றை வரிசையாக எழுதி, எதிரே முடிவையும் குறித்துப் பாருங்கள். காட்டுத்தீ வந்தபோது கணவனின் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு பச்சைக் கிளையால் அடித்தாள். தீ அவளை மிஞ்சத்தான் இருந்தது, நான்கு ஆண்கள் வந்து சேர்ந்ததால் தப்பினாள். வெள்ளத்தில் மணிக்கணக்காக நனைந்தபடி வாய்க்கால் வெட்டினாள், அணை போயிற்று. மாட்டுக்கு நோய் வந்தபோது மருந்து கொடுத்தாள், ரத்தம் இறக்கினாள், நல்ல பசுக்கள் இரண்டும் செத்தன. வெறிபிடித்த காளையைச் சுவர் இடுக்கு வழியாகச் சுட்டுக் கொன்றாள். தோலுக்குக் கிடைத்தது பதினேழரை ஷில்லிங். தனியாக இருந்தபோது ஒரு குழந்தை இறந்தது, அந்த உடலோடு 19 மைல் குதிரையில் போனாள். லாசன் அவளை ஜெயிக்க வைப்பதைவிடத் தோற்க வைப்பதே அதிகம். தோற்ற பிறகும் மறுநாள் வேலை கிடக்கிறது. கதையின் கனம் அதில் இருக்கிறது.

ஆப்பு:

மேலே சொன்னதோடு பேய்ன்டனைச் சேர்த்தே ஆக வேண்டும். 'தி சோசன் வெசல்' கதையில் கணவன் 15 மைல் தள்ளி ஆட்டு மயிர் கத்தரிக்கப் போயிருக்கிறான். கைக்குழந்தையோடு தனியாக இருப்பவளின் வீட்டுக்குப் பகலில் ஒரு நாடோடி வந்து போகிறான். இரவு திரும்புவான் என்று அவளுக்குத் தெரியும். அவள் கதவடைக்கும் பத்தியை நிதானமாகப் படியுங்கள். சமையற்கட்டு மேசைமேல் சாப்பாடு. பக்கத்திலேயே தன்னிடம் இருக்கும் ஒரே மதிப்புள்ள பொருளான தாயின் புரூச்சையும் (ஆடையில் குத்திக்கொள்ளும் நகை) வைக்கிறாள், எடுத்துக்கொண்டு போய்விடட்டும் என்று. பின்கதவுத் தாழ்ப்பாளின் பக்கத்தில் கத்தரிக்கோலைச் செருகி, மேசையையும் முக்காலிகளையும் அண்டக் கொடுக்கிறாள். முன்கதவின் பூட்டுக்கு அடியில் மண்வெட்டிப் பிடியைக் கொடுத்து, அதன் அலகைத் தரைப்பலகை இடுக்கில் இறக்குகிறாள். கதவின் மேல்பக்கத்துக்கு, முட்டுக்கழியைத் துண்டுகளாக வெட்டி அண்டை கொடுக்கிறாள். இவ்வளவு செய்தும் ஒரு பலகை மீதியிருக்கிறது. அது நீளத்திலும் சுருங்கிவிட்டதால் அடியில் ஒரு மர ஆப்புதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அது அவளுக்குத் தெரியும். அவன் கத்தியால் பலகை பலகையாகச் சோதித்து வரும் சத்தத்தை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

லாசனிடம் இடுக்கு வழியே வருவது பாம்பு, இங்கே மனிதன். லாசனிலும் நாடோடி வருகிறான், ஆனால் கழியையும் நாயையும் பார்த்துப் போய்விடுகிறான். சந்தேகப்படும்படி யார் வந்தாலும், கணவனும் இரண்டு மகன்களும் அணைக்குக் கீழே வேலை செய்கிறார்கள் என்று அவள் சொல்லி வைப்பாள். அவளைக் காப்பது இல்லாத ஆண்களின் பெயர். பேய்ன்டனோ அந்தக் காப்பையும் உருவிவிடுகிறார்.

பேய்ன்டன் கதையில் பசு வரும் பகுதியையும் தாண்டிப் போய்விடாதீர்கள். நகரத்தில் வளர்ந்த அவளுக்குப் பசுவைக் கண்டால் பயம். கணவன் அவளைக் குச்சியோடு அதன் எதிரே ஓட வைக்கிறான், பசு திரும்பி ஓடுகிறது, அவன் சிரிக்கிறான். பல விஷயங்களில் அவன் பசுவைவிட மோசம், அவனிடமும் இந்த வித்தை பலிக்குமா என்று அவள் யோசிக்கிறாள், அவ்வளவுதான். ஆபத்து வாசலுக்கு வெளியே மட்டும் இல்லை என்பதை நாடோடி வருவதற்கு முன்பே சொல்லிவிடும் இடம் இது.

எந்தப் பதிப்பைப் படிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். 'புல்லட்டின்' 1896-ல் இதை 'தி டிராம்ப்' என்ற தலைப்பில் சுருக்கி வெளியிட்டது. பீட்டர் ஹென்னசி என்ற குதிரைக்காரனின் பகுதி அதில் இல்லை. முழு வடிவம் 1902-ல் லண்டனில் வந்த 'புஷ் ஸ்டடீஸ்' தொகுப்பில் இருக்கிறது. அவள் குழந்தையோடு வெளியே ஓடிவந்து, குதிரையில் போகும் ஹென்னசியைக் கிறிஸ்துவின் பெயரால் கூப்பிடுகிறாள். வாக்களிக்கப் போய்க்கொண்டிருக்கும் அவனோ மாதாவின் காட்சி என்று நினைத்துப் பரவசத்தோடு குதிரையை விரட்டிக்கொண்டு போய்விடுகிறான். இந்தப் பகுதி போனால் மிஞ்சுவது ஒரு கொலைக்கதை. இருந்தால், பெண்ணைத் தெய்வமாகப் பார்க்கிற கண்ணுக்குச் சாகிற பெண் தெரியவில்லை என்பது கதையாகிறது.

கரிக்கோல்:

தமிழில் கொண்டுவர முயல்பவர்களுக்கு மூன்று சொற்கள் தொல்லை கொடுக்கும். 'ட்ரோவர்' என்பவரை 'இடையர்' என்று போட்டால் கதை உடைந்துவிடும். பிறருடைய மந்தையைக் கூலிக்கு நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு போய் மாதக்கணக்கில் திரும்பாத ஆள் அவர். ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகப் போகும் 'கீதாரி' நெருங்கி வருகிறது, ஆனால் கீதாரியோடு குடும்பமும் கிடைக்குப் போவதுண்டே. இங்கே குடும்பம் பின்தங்குவதுதான் கதை. 'மந்தை ஓட்டி' என்று நேராகச் சொல்லிவிடலாம். 'புஷ்' புதர் இல்லை, அடர்காடும் இல்லை. லாசன் காட்டுவது அடிவானமே தெரியாத சமவெளியில் ஒரே மாதிரி நிற்கும் குட்டை மரங்கள். அந்தச் சொல்லை அப்படியே விடுவது நல்லது.

மூன்றாவது சொல் 'மேட்'. பேய்ன்டனின் 'ஸ்க்வீக்கர்ஸ் மேட்' கதையில் கோடரியையும் கனத்த சம்மட்டியையும் ஆப்புகளையும் தூக்கிக்கொண்டு நடப்பவள் பெண், தேநீர்ப் பாத்திரத்தோடும் சாப்பாட்டுப் பைகளோடும் வருபவன் ஆண். 'மேட்' என்பது அங்கே ஆண்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் உயர்ந்த பட்டம், அதை அவளுக்கும் கொடுக்கிறார்கள். மரக்கிளை விழுந்து முதுகு போனதும் பட்டத்தோடு அவளும் பழைய குடிசைக்குத் தள்ளப்படுகிறாள், வீட்டுக்கு வேறொருத்தி வருகிறாள். 'துணைவி' என்று மொழிபெயர்த்தால் இந்த அடி விழாது. 'கூட்டாளி' என்றே போட வேண்டும்.

திணைவாசி:

இதுவரை யாரும் தொடாத ஒருத்தி இருக்கிறாள். லாசன் கதையில் தனியாகப் பிரசவ வலியில் கிடப்பவளுக்குக் கை கொடுப்பவள் ஒரு ஆதிகுடிப் பெண். அவளுக்குச் சில வரிகள்தான், அதிலும் புகழ்ச்சி அவளை வெள்ளைத் தன்மையால் அளக்கிறது. விறகடுக்கை உள்ளே பொள்ளலாக அடுக்கி ஏமாற்றுபவனும் ஆதிகுடி ஆள்தான். அது யாருடைய நிலம் என்ற கேள்வி கதைக்குள் எழவே இல்லை. ஆஸ்திரேலிய ஆதிகுடி எழுத்தாளரும் நடிகையுமான லியா பர்செல் 2016-ல் சிட்னியில் நாடகமாகவும் 2021-ல் திரைப்படமாகவும் இதைத் திருப்பி எழுதியபோது அந்த இடத்தைத்தான் திறந்தார். லாசனில் கதாநாயகிக்குப் பெயர் கிடையாது, 'மந்தை ஓட்டியின் மனைவி' மட்டுமே. பர்செல் பெயர் கொடுத்தார்.

மண்தரை:

பெயர் பற்றிச் சொன்னது சரி. அதோடு ஞாயிற்றுக்கிழமைப் பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். பாம்பு, தீ, காளை எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் பெரிது. நகரத்து வீதியில் உலாவப் போகிறவள்போல் உடுத்திக்கொள்கிறாள், பிள்ளைகளைச் சீவிச் சிங்காரிக்கிறாள், கைக்குழந்தையைப் பழைய தள்ளுவண்டியில் வைத்துக் காட்டுத்தடத்தில் தள்ளிக்கொண்டு போகிறாள். பார்க்க எதுவும் இல்லை, எதிர்ப்பட ஒரு ஆளும் இல்லை. அடுத்த ஞாயிறும் போவாள்.