ஏரிக்கரைப் பூங்காக்களின் பழைய கரைத்தடுப்பைச் சீரமைத்த அனுபவங்கள்

பூங்காப் பராமரிப்புப் பொறியாளர்:

கரைத்தடுப்பு பழுதாகிவிட்டது என்று பூங்காவிலிருந்து அழைப்பு வந்தால், அங்கே இருப்பவர்கள் முதலில் காட்டுவது நீர்முகப்பில் உருண்டு கிடக்கும் கற்களைத்தான். நான் அவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, கல்வரிசைக்கும் நடைபாதைக்கும் இடையே உள்ள புல்தரைக்குப் போவேன். கூர்முனை கொண்ட இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு, கல்வரிசையின் மேல்விளிம்பை ஒட்டி அடிக்கு ஓரிடமாகக் குத்திக்கொண்டே நடந்தால், சில இடங்களில் கம்பி எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்கும். மேலே புல் பசுமையாகவே இருக்கும். அடியில் மண் போயிருக்கும். குழந்தைகள் ஓடி விளையாடும் தரை என்பதால், அத்தகைய இடங்களைக் கயிறு கட்டி அடைப்பதுதான் அன்றைய முதல் வேலை.

மண் எப்படிப் போகிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் சீரமைப்பு நிலைப்பதில்லை. அலை ஏறும்போது கற்களின் இடுக்குகள் வழியாக நீர் உள்ளே புகுகிறது. அலை இறங்கும்போது அந்த நீர் வெளியேறுகிறது, வெளியேறும்போது நுண்மணலையும் வண்டலையும் இழுத்துக்கொண்டு வருகிறது. கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் வடிகட்டிப் படுகை ஒன்று இல்லையென்றால், ஒவ்வோர் அலையும் கரையிலிருந்து கொஞ்சம் மண்ணை உறிஞ்சியெடுக்கும் பம்பாகிவிடுகிறது. கரைப்பணிகளில் ஜியோடெக்ஸ்டைல் எனப்படும் நெய்த வடிகட்டித் துணி 1950களின் பிற்பகுதியில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முற்பட்ட தடுப்புகளில் சரளைக்கல் படுகைதான் வடிகட்டி, அதுவும் எல்லா இடங்களிலும் இடப்பட்டிருக்கவில்லை.

நான் பொறுப்பேற்ற பூங்கா ஒன்றில், எனக்கு முன்பே இருமுறை பழைய கற்களின் மேல் புதிய கற்கள் கொட்டப்பட்டிருந்தன. இரண்டு முறையும் ஓரிரு மழைக்காலம் வரை கரை நன்றாகத் தோன்றியதாம். பிறகு கற்கள் மெல்லப் புதைந்து, விளிம்பு மீண்டும் உள்வாங்கியது. ஒரு பகுதியை முழுமையாகத் திறந்து பார்த்தபோது, முதலில் இட்ட கற்கள் இளகிய சேற்றுக்குள் அமிழ்ந்திருந்தன. அவற்றின் கீழே வடிகட்டி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. எனவே கற்கள் அனைத்தையும் எடுத்து, நல்லவற்றைத் தனியே பிரித்து, கரையை 1:2 சாய்வுக்கு (ஓரடி உயரத்துக்கு ஈரடி கிடைநீளம்) சீவி, துணி விரித்து, அதன்மேல் சிறுகல் படுகை இட்டு, பின்னர் பெருங்கற்களை இரண்டு அடுக்காக அடுக்கினோம். பழைய கற்களில் பெரும்பகுதி மீண்டும் பயன்பட்டது. செலவுக் கணக்கைப் பார்த்தவர்கள், கல் வாங்கியதைவிட மண் வேலைக்கு ஏன் இவ்வளவு செலவாகியிருக்கிறது என்று கேட்டார்கள். பழுது மண்ணில் இருந்தது. பணமும் அங்கேதான் போயாக வேண்டும்.

அடுத்தது அடிக்கால். கல்வரிசையோ சுவரோ ஏரிப்படுகையைத் தொடும் இடத்தை அலை தோண்டிக்கொண்டே இருக்கும். செங்குத்தான கான்கிரீட் சுவரில் இது மிகக் கடுமை. சரிவில் ஏறிக் களைக்க வேண்டிய அலை, சுவரில் மோதி முழு வேகத்தோடு திரும்பிக் கீழே பாய்கிறது. சுவருக்கு முன்னால் ஏற்படும் அரிப்பின் ஆழம் ஏறத்தாழ அலையின் உயரத்துக்குச் சமமாகக்கூட இருக்கலாம் என்பது பொறியாளர்கள் வடிவமைப்பில் கொள்ளும் பொது அளவு. ஒரு சுவரை ஆய்வு செய்யச் சொன்னபோது, நீரில் இறங்கிய முக்குளிப்பவர் அடித்தளத்தின் கீழே தமது கை முழுவதும் நுழைவதாகச் சொன்னார். மேலிருந்து பார்த்தால் அந்தச் சுவரில் மயிரிழை விரிசல்கள் மட்டுமே தெரிந்தன. அதை இடித்துக் கட்டாமல், முன்புறம் கற்சரிவு ஒன்றை அமைத்து, அதன் காலடியில் கூடுதலாகக் கற்களைக் குவித்து வைத்தோம். படுகை மேலும் அரிக்கப்பட்டால் அந்தக் கூடுதல் கற்கள் தாமாகவே பள்ளத்துக்குள் சரிந்து அதை மூடிக்கொள்ளும்.

கல் அடுக்கும் பணியில் இருப்பவர்களும், இத்தகைய பூங்காக்களை நேசிப்பவர்களும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன்.

கல் அடுக்கும் ஒப்பந்ததாரர்:

ஐயா, மண்ணைப் பற்றித் தாங்கள் எழுதியதோடு கல்லைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். எங்களிடம் வருபவர்கள் "பழைய கல்லின் அளவிலேயே போடுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பழைய கல் ஏன் உருண்டது என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. அலையைத் தாங்கும் கல்லின் எடையைக் கணக்கிடப் பயன்படும் ஹட்சன் சூத்திரத்தின்படி, தேவையான எடை அலை உயரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. அலை இரு மடங்கானால் கல் எட்டு மடங்கு கனக்க வேண்டும். ஏரியின் மட்டம் உயர்ந்து கரையருகே ஆழம் கூடினால், முன்பு தொலைவிலேயே உடைந்துபோன அலை இப்போது உடையாமல் கரைவரை வந்து சேரும். அதே ஏரி, அதே காற்று, ஆனால் அன்று போதுமானதாக இருந்த கல் இன்று போதாது. சாய்வைத் தணித்தால் எடையைக் குறைக்கலாம்: 1:1.5 சாய்வுக்குத் தேவைப்படும் எடையில் பாதியே 1:3 சாய்வுக்குப் போதும். ஆனால் அதற்குப் பூங்காவின் நிலத்தையோ ஏரியின் பரப்பையோ விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான வாக்குவாதம் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

உடைத்த கட்டடக் கான்கிரீட்டைக் கரையில் கொட்டச் சொல்பவர்களிடம் நான் வேலையை ஏற்பதில்லை. கான்கிரீட் கருங்கல்லைவிட அடர்த்தி குறைந்தது. அதே சூத்திரத்தில் கணக்கிட்டால், ஒரே அலையைத் தாங்க அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எடை கொண்டிருக்க வேண்டும். பலகை வடிவத் துண்டுகளை அலை அடியிலிருந்து தூக்கிப் புரட்டிவிடுகிறது. நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பிகளோ, நீரில் கால் வைக்கும் எவருக்கும் ஆபத்து. நீளம் தடிமனைப் போல் மூன்று மடங்குக்கு மேற்படாத, கோணமுனைகள் உள்ள கல்குவாரிக் கற்களே ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும்; ஆற்றுக் கூழாங்கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரிவில் உருளும்.

இன்னொரு வேண்டுகோளையும் வைக்கிறேன். தளர்ந்த கற்களின் மேல் கான்கிரீட் குழம்பை ஊற்றி "இறுக்கி" விடாதீர்கள். கற்சரிவின் பலமே அது சற்று அசைந்து, அமர்ந்து, நீரை வெளியேவிட்டுக் கொடுப்பதில் இருக்கிறது. இடுக்குகளை அடைத்துவிட்டால் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம் மேலோட்டை உந்தித் தூக்கும்; அடியில் மண் கரைந்தாலும் மேலோடு பாலம்போல் நின்று குழியை மறைத்து வைத்திருந்து, ஒருநாள் மொத்தமாக உடையும். அப்படிப் பூசப்பட்ட கரைகளைப் பிரித்தெடுப்பதுதான் எங்கள் தொழிலிலேயே மிகக் கடினமான வேலை.

அடுக்கும்போது கீழிருந்து மேலாக, ஒவ்வொரு கல்லாக வைக்கிறோம். விரித்த துணியின்மேல் உயரத்திலிருந்து கல்லைப் போட்டால் துணி கிழியும். கிழிந்த ஒரு சாண் இடம் போதும், பழைய கதை அங்கிருந்து மீண்டும் தொடங்கும்.

பூங்கா ஆர்வலர் குழு உறுப்பினர்:

நான் பொறியாளர் அல்லர். சிகாகோவின் ஏரிக்கரைப் பூங்காக்களைப் பற்றித் தொடர்ந்து படித்து வருபவள் என்ற முறையில் எழுதுகிறேன். அங்கே மிச்சிகன் ஏரிக்கரையில், 1910 முதல் 1931 வரையிலான காலத்தில், மரத்தூண்களால் பெட்டிபோல் அமைத்து உள்ளே கல் நிரப்பி, மேலே சுண்ணாம்புக் கற்பாளங்களைப் படிகளாக அடுக்கிக் கரைத்தடுப்பு கட்டினார்கள். மரம் முழுவதும் நீருக்குள் இருக்கும்வரை உயிர்வளி கிடைக்காததால் எளிதில் இற்றுப்போவதில்லை. ஆனால் அந்த ஏரியின் மட்டம் நிலையானதன்று. 1964இல் வெகுவாகத் தாழ்ந்தது, 1986இல் மிக உயர்ந்தது, 2013 ஜனவரியில் பதிவுகளிலேயே மிகத் தாழ்ந்த நிலைக்குப் போனது, 2020இல் பல மாதங்களில் அந்தந்த மாதத்துக்குரிய பழைய உச்சங்களைத் தாண்டியது. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே ஏறக்குறைய 2 மீட்டர் வேறுபாடு. நீர் தாழ்ந்தபோது காற்றுப்பட்ட மரத்தலைகள் மக்கின, நீர் உயர்ந்தபோது வந்த அலைகள் மக்கிய பெட்டிகளிலிருந்து கற்களை வெளியே இழுத்தன, படிகள் சாய்ந்தன.

சீரமைப்பில் பல இடங்களில், ஒன்றோடொன்று கோத்து நிலத்தில் அறையப்படும் எஃகுத் தகடுகளான ஷீட் பைல்களும் கான்கிரீட் படிகளும் வந்தன. பிராமன்டரி பாயின்ட் என்னும் முனையில் மட்டும், சுண்ணாம்புக்கல் படிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்பகுதி மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உட்கார்ந்து நீரைப் பார்க்கவும் இறங்கிக் கால் நனைக்கவும் முடிந்த கரையை, யாரும் நெருங்க முடியாத கற்குவியலாக மாற்றிவிட்டால் மண் நிலைத்திருக்கும், பூங்காவோ ஏரியை இழந்துவிடும். எனவே ஐயா, தங்களைப் போன்றவர்களிடம் என் கேள்வி இது: கற்சரிவு அமைக்கும்போது மக்கள் நீரைத் தொட வழி விடுவது தடுப்பைப் பலவீனப்படுத்துமா?

பூங்காப் பராமரிப்புப் பொறியாளர்:

அம்மா, முறையாகச் செய்தால் பலவீனப்படுத்தாது. படித்துறை ஒன்றைச் சரிவுக்குள் பதித்து, அதன் இரு பக்கமும் கற்களை இறுக்கமாகச் சேர்த்து, படிகளுக்கும் தனியே அடிக்கால் கொடுத்தால் போதும். ஆபத்து வருவது, படி வேறொரு ஆண்டில் வேறொருவரால், கற்சரிவோடு பிணைக்கப்படாமல் கட்டப்படும்போதுதான். இருவேறு அமைப்புகள் சேரும் இடத்தில்தான் அலை முதலில் வாய் திறக்கிறது. கரைத்தடுப்பு முடியும் இரு முனைகளுக்கும் இது பொருந்தும். முனையைக் கரைக்குள் நன்றாகத் திருப்பிப் புதைக்காவிட்டால், பக்கத்து வெறுங்கரையை அரித்துக்கொண்டு அலை பின்புறமாக நுழைந்துவிடும்.

மேலிருந்து வரும் நீரையும் சொல்லியாக வேண்டும். ஒரு பூங்காவில் குழி விழுந்த இடங்கள் அனைத்தும் வாகன நிறுத்தத்தின் மழைநீர் வழிந்து வரும் பாதையிலேயே இருந்தன. அலைமேல் பழி போட்டுக்கொண்டிருந்தவர்களை மழை பெய்யும்போது அழைத்துச் சென்று காட்ட வேண்டியதாயிற்று. அங்கே குழாய் ஒன்றைப் பதித்து நீரைக் கற்சரிவின் அடிவரை கொண்டு சென்ற பிறகுதான் கரையைத் தொட்டோம். சுவர்களில் உள்ள கசிவுத் துளைகளும் அப்படித்தான்: அவை அடைபட்டிருக்கையில் ஏரிமட்டம் விரைவாக இறங்கினால், பின்னால் தேங்கிய நீரே சுவரை முன்னால் தள்ளிவிடும்.

பணி முடிந்ததும், குறித்த சில இடங்களில் மேல்விளிம்பிலிருந்து படுகைவரை குறுக்குவெட்டு மட்டம் எடுத்து ஆவணமாக வைக்கிறோம். பெருங்காற்று அடித்து ஓய்ந்த பின்னர் அதே இடங்களில் மறுபடி அளக்கிறோம். அதே அளவுள்ள கற்களில் கொஞ்சத்தைப் பூங்காவின் ஓர் ஓரத்தில் இருப்பு வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். ஒரு கல் நகர்ந்த வாரத்திலேயே மாற்றுக்கல் வைக்க முடிந்தால், அடுத்த காற்றில் அதன் அண்டைக் கற்கள் நகர்வதில்லை.