இஸ்திரிக்கைப் பெட்டியோட மனசில நிண்ட ஒரு ஆள்: உங்கட அனுபவத்தை எழுதுங்க

படுவான்கரையான்:
1997, சண்டைக் காலம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, எங்கட படுவான்கரைப் பக்கம் கரண்ட் இல்ல. டவுனில எனக்கு நேர்முகப் பரீட்சை. அம்மா வெள்ளாப்புல எழும்பி, பெட்டிக்குள்ள சிரட்டைக்கரி போட்டு, அடியை வாழையிலையில ரெண்டு தரம் தேச்சு, வெள்ளைச் சேட்டை அயன் பண்ணித் தந்தவ. போட்டுக்கொண்டு தோணி ஏறினா கசங்கிரும் எண்டு பேப்பரில சுத்திக் கையில கொண்டு போனன். மண்முனைத்துறையில வாவியைக் கடந்ததும் படைக்காரங்கட சோதனை. பேப்பரைப் பிரிச்சு, சேட்டை உதறி, சுருட்டித் தந்தாங்க.

பஸ்ஸுக்கு நிண்ட இடத்தில, ஒரு வீட்டுத் திண்ணையில ஒரு அம்மா பள்ளிக்கூடச் சட்டைகள் அயன் பண்ணிக்கொண்டிருந்தவ. ஒரு வார்த்தையும் கேட்கல. எழும்பி வந்து என்ர கையில இருந்ததை வாங்கிக்கொண்டு போனா. விரிச்சா, விரலால தண்ணி தெளிச்சா. முதல் கொலர், மறுகா தோள், மறுகா கை. "போடு மனே, சூடு ஆறமுன்னம்." முதுகு சுட்டுது. கொலர் கழுத்தில விறைச்சு நிண்டுது. பஸ் வந்திட்டு, ஓடிட்டன். பேர் கேட்கல. நன்றி சொன்னனா எண்டதும் ஞாபகமில்ல. 2014இல மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்த வழியால போகேக்க வேகத்தைக் குறைச்சுப் பார்க்கிறன். எந்தத் திண்ணை எண்டு பிடிபடுகுதில்ல.

மருதமுனைப் பிள்ள:
எனக்கு உம்மாட கைத்தறிச் சாரி. எங்கட ஊர் நெசவு, கஞ்சி போட்டது. ராத்தாட கலியாணத்தன்று நைலோன் தாவணியை அயன் பண்ணிப்போட்டு அதே சூட்டில சாரியில வைச்சன். அடியில நைலோன் உருகி ஒட்டியிருந்திருக்கு. முந்தானையில கறுப்பா ஒரு கோடு, சாண் நீளம். உம்மா பார்த்தா. முந்தானையை மடிச்சு, கோட்டை உள்ளுக்கு விட்டு, "உள்மடிப்புக்குப் போயிரும், பேசாத" எண்டா. அதையே உடுத்துக்கொண்டு கலியாண வீட்டில நிண்டா. அந்தச் சாரி இப்ப என்னட்டத்தான் இருக்கு.

கல்முனை வயர்மேன்:
தங்கச்சி, பிழை சூட்டில. பெட்டியில புள்ளி இருக்கும், அதைப் பார்க்கணும். ஒரு புள்ளி 110 பாகை, நைலோனுக்கு. ரெண்டு 150, பட்டுக்கும் கம்பளிக்கும். மூண்டு 200, பருத்திக்கு. எப்பவும் குறைஞ்ச சூட்டு உடுப்பை முதல் முடிச்சு அடியைத் துடைச்சிட்டுத்தான் பருத்திக்குப் போகணும். பெட்டி கெதியாச் சூடேறும், ஆறச் சுணங்கும். கைத்தறியை ஈரம் காயமுன்னம் மறுபக்கம் திருப்பி அயன் பண்ணுங்க. ஒட்டினதைக் கத்தியால சுரண்டாதீங்க. 5 அம்பியர் பிளக்கில பெட்டியைக் குத்தவே வேணாம். 2000 வாற்ஸ் பெட்டி 230 வோல்ற்றில கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும், பிளக் உருகிரும். படுவான்கரைத் தம்பிட அம்மாவும் கவனமா இருந்திருக்கணும், பூட்டின அறைக்குள்ள கரிப்பெட்டி வைச்சா கார்பன் மொனொக்சைட் சேரும், மணமே தெரியாது, ஆளைக் கொண்டுபோயிரும்.

நான் கண்டது ஒண்டுதான். ஒரு வீட்டில உருகின பிளக்குக்குப் பக்கத்தில, பாதி மட்டும் மடிப்பு விழுந்த வெள்ளைச் சட்டை. சின்னப் பிள்ளையொண்டு மத்தப் பாதியைக் கையால நீவிக்கொண்டிருந்தா.

அக்கரைப்பற்றுக்காரி:
வயர்மேன் நானா, பஸ்ஸடியில கண்ட அம்மா திண்ணையில இருந்து அயன் பண்ணினவ. தம்பிட உம்மா அறையைப் பூட்டினா எண்டு அவர் எழுதவே இல்லையே. சொல்லாததைச் சொல்லிப் பிழை பிடிக்காதீங்க.

2022 பங்குனியில 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணின நேரம், மூத்தும்மாட, மூடியில சேவல் வைச்ச பித்தளைக் கரிப்பெட்டியைத்தான் அலுமாரிக்கு மேலால இறக்கினம். மூண்டு வருசமா எங்களோட பேசாத பக்கத்து வீட்டுக்காரி மகள்ற சட்டையோட கேற்றடியில வந்து நிண்டா. உள்ள கூப்பிட்டன். அவ மடிப்பை ஒவ்வொண்டாப் பிடிச்சுத் தந்தா, நான் பெட்டியை வைச்சன். கடைசி மடிப்பு வரைக்கும் ரெண்டு பேரும் வாயே திறக்கல.

படுவான்கரையான்:
வயர்மேன் அண்ணன், அம்மா வளவில மாமரத்துக்குக் கீழ வைச்சுத்தான் அயன் பண்ணுறவ. இப்ப அவ இல்ல.

ஆரையம்பதிப் பக்கம், துறையடியில அந்த நேரம் இருந்த ஆக்கள் யாரும் இதை வாசிச்சா: பூவரசு வேலி, திண்ணைக்குப் பக்கத்தில கிணறு, மேசையில நீலக்கோடு போட்ட போர்வை. அண்டைக்கு அயன் பண்ணினதில ரெண்டு பொம்பிளைப் பிள்ளைகள்ற சட்டை இருந்தது. அந்தப் பிள்ளைகளைத் தெரிஞ்சாலும் எழுதுங்க.