மறு: [கலைச்சொல்] பேரோல் அவுட்சோர்சிங்: 'ஊதியப் பட்டியல் அயலாக்கம்' சரிதானா?

அன்பர்களே,

சிறு நிறுவனங்களுக்கான வரிக் கையேட்டின் சொல்லடைவில் மூன்று இடம் இன்னும் காலி: பேரோல் (சம்பளத்தைக் கணக்கிட்டுக் கொடுக்கும் வேலை), அவுட்சோர்சிங் (வேலையை வெளியாரிடம் கொடுத்துச் செய்வது), சம்பளத்துக்கான டிடிஎஸ் ரிட்டர்ன் (சம்பளத்தில் பிடித்த வரியை வரித்துறைக்குக் காட்டும் காலாண்டுத் தாக்கல்). இப்போதைக்கு ஊதியப் பட்டியல், அயலாக்கம், வரிப்பிடித்த விவரணை என்று போட்டு வைத்திருக்கிறேன். கையேட்டில் வரும் வாக்கியம் இது:

"ஊதியப் பட்டியலை அயலாக்கம் செய்து, வரிப் பொறுப்பை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்."

குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

———

> வரிப் பொறுப்பை வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம்

முடியாது. சொல்லுக்குப் போகும் முன் இதைத் திருத்துங்கள் ஐயா. வெளியே போவது வேலை மட்டும்தான். வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியவர் சம்பளம் கொடுக்கும் முதலாளி. வரி பிடிப்பவருக்கான டான் எண் அவர் பெயரில் இருக்கிறது, நோட்டீசும் அவர் பெயருக்குத்தான் வரும்.

கணக்கைப் பாருங்கள். ஜூன் 30 அன்று சம்பளத்தில் பிடித்த 1,20,000 ரூபாயை ஜூலை 7க்குள் கட்டியாக வேண்டும். வெளியில் செய்பவர் மறந்துபோய் 8ஆம் தேதி கட்டினால் ஒரு நாள் வட்டியோடு போகாது. பிடித்த மாதம் ஒன்று, கட்டிய மாதம் ஒன்று என்று இரண்டு மாதம் கணக்காகும். மாதம் 1.5% வீதம் 3,600 ரூபாய். அடுத்தது காலாண்டுத் தாக்கல். ஏப்ரல்–ஜூன் காலாண்டுக்குக் கெடு ஜூலை 31. ஆகஸ்ட் 20 அன்று தாக்கல் செய்தால் 1961 சட்டத்தின் 234ஈ பிரிவில் நாளுக்கு 200 ரூபாய் என 20 நாளைக்கு 4,000 ரூபாய் (பிடித்த வரித் தொகையைத் தாண்டாது). இரண்டும் முதலாளி தலையில்தான் விழும். ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தால் பிறகு வெளி நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ளலாம். வருமான வரித்துறைக்கு அந்த ஒப்பந்தத்தோடு சம்பந்தமில்லை.

'ஊதியப் பட்டியல்' என்பதும் பொருந்தவில்லை. அது ஒரு தாள். பேரோல் என்பது மாதம் முழுக்க ஓடும் வேலை: வருகைப் பதிவை வாங்குவது, சம்பளமில்லா விடுப்பைக் கழிப்பது, வருங்கால வைப்பு நிதியையும் ஈஎஸ்ஐயையும் 15ஆம் தேதிக்குள் கட்டுவது, ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு மாத வரியைப் பிரிப்பது, ஜனவரி வாக்கில் முதலீட்டுச் சான்றுகளைச் சரிபார்த்து அந்த மதிப்பீட்டைத் திருத்துவது. பட்டியல் அச்சாவது இதில் கடைசி ஐந்து நிமிடம்.

———

மேலே சொன்னதோடு ஒன்று. தமிழ்நாட்டுக் கருவூல வழக்கில் 'ஊதியப் பட்டியல்' ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது. பணம் பெற்று வழங்கும் அலுவலர் கருவூலத்துக்கு அனுப்பும் பில்லைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதே சொல்லை இதற்கும் வைத்தால் அரசு அலுவலகத்தில் வேலை செய்பவர் நிச்சயம் குழம்புவார்.

'ஊதியக் கணக்கு' என்று யாரும் சொல்லும் முன்பே தடுத்துவிடுகிறேன்: வங்கியில் அது சம்பளம் வந்து விழும் கணக்கு. 'ஊதியக் கணக்கீடு' கூட்டல் கழித்தலோடு நின்றுவிடும். கட்டுவதும் தாக்கல் செய்வதும் அதில் அடங்காது. 'ஊதியப்பணி' என்று எளிமையாக வைத்தால் என்ன?

———

இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்கள் பக்கம் வெளியிலிருந்து நடப்பதற்கு 'வெளிவாரி' என்ற அடை உண்டு. வெளிவாரிப் பட்டப்படிப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல். 'வெளிவாரி ஊதியப்பணி' என்றால் இங்கே உடனே விளங்கும். வரிப் பெயரையும் நாங்கள் வினையாகவே வைத்திருந்தோம்: 'உழைக்கும்போதே செலுத்தும் வரி'. நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

———

'வெளிவாரி' அழகு. தமிழ்நாட்டில் பழக்கமில்லை என்பதால் இணைச்சொல்லாகச் சேர்க்கலாம். 'அயலாக்கம்' எனக்கு உறுத்துகிறது: நம் வேலையை அயலார் ஆக்குகிறாரா, நம் வேலை நமக்கே அயலாக ஆகிவிடுகிறதா? இரண்டாவதுதான் முதலில் காதில் விழுகிறது.

கையேட்டு வாக்கியம் தவறாகப் போனதற்கு 'ஒப்படை' என்ற வினைதான் காரணம் என்று நினைக்கிறேன். சாவியை ஒப்படைத்தால், பொருளை ஒப்படைத்தால் நம் கை கழுவியாயிற்று. ஆனால் நிலத்தை என்ன செய்கிறோம்? குத்தகைக்கு 'விடுகிறோம்', வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) 'விடுகிறோம்'. உழுவது வேறொருவர், பட்டா நம் பெயரில், கிஸ்தியும் நம் பெயரில். மேலே டான் எண்ணைப் பற்றிச் சொன்னது அச்சாக இந்த நிலைமைதான். 'விடு' என்ற வினையில் உரிமையும் பொறுப்பும் விடுபவரிடமே தங்குகின்றன.

ஆகவே என் முன்மொழிவு: புறவிடுகை. வினையாக, புறவிடு. ஊதியப்பணியைப் புறவிடலாம். 'புற' என்ற முன்னொட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'பணிவிடுகை' என்றால் ஆளை வேலையிலிருந்து விடுவித்ததாகிவிடும்.

———

குத்தகை ஒப்புமை சரியாகப் பொருந்துகிறது. ஏற்கிறேன்.

மூன்றாவது சொல்லுக்கு வருவோம். 'விவரணை' கதை சொல்வது, வேண்டாம். 'ரிட்டர்ன்' என்று எல்லோரும் சொன்னாலும் 1961 சட்டத்தின் 200(3) பிரிவு கேட்பது விவரப் பட்டியலைத்தான். அதற்கான படிவம் 24கியூவைத் திறந்தால் தெரியும்: வரி கட்டிய ஒவ்வொரு செலுத்துச்சீட்டுக்கும் (சலான்) வங்கிக் கிளையின் ஏழு இலக்கக் குறியீடு, கட்டிய தேதி, ஐந்து இலக்க வரிசை எண், அதன் கீழ் ஊழியருக்கு ஒரு பதிவு, அதில் பான், கொடுத்த தொகை, பிடித்த வரி, பிடித்த தேதி. நான்காம் காலாண்டில் மட்டும் இரண்டாம் இணைப்பு சேரும். ஆளுக்கு ஆண்டு முழுவதுக்குமான சம்பளப் பிரிவுகள், கழிவுகள், பழைய வரி முறையா புதிய வரி முறையா என்பது வரை.

தவறு பெரும்பாலும் இந்தப் பதிவுகளில்தான் நுழைகிறது. சரிபார்க்கும் மென்பொருள் பான் எண்ணின் வடிவத்தைத்தான் பார்க்கும்: ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், ஓர் எழுத்து. 4 இருக்க வேண்டிய இடத்தில் 9 விழுந்தாலும் கோப்பு தேறிவிடும். ஆனால் வரி இன்னொருவர் கணக்கில் போய் உட்காரும், அல்லது அப்படி ஒரு பானே இல்லை என்று 20% வீதத்தில் குறைவுப் பிடித்தம் காட்டும். ஊழியருக்குத் தெரிவது பெரும்பாலும், ஜூன் 15 வாக்கில் வரிப்பிடித்தச் சான்றான படிவம் 16 கைக்கு வரும்போதுதான்.

வேண்டுமானால் '24கியூ' என்றே சொல்லிவிடலாமே?

———

எண்ணோடு கட்டாதீர்கள். 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சம்பள வரிப்பிடித்தத்தின் 192ஆம் பிரிவு அதில் 392. படிவ எண்களும் கூடவே மாறுகின்றன. எண்ணை நம்பிய சொல்லடைவு ஒரே நாளில் பழசாகிவிடும்.

'பிடித்த விவரம்' என்றும் எழுதிவிடாதீர்கள். ஏதோ மனத்துக்குப் பிடித்த விவரம்போல் இருக்கிறது. வகரத்துக்கு முன் ஒற்று வராததால் பிரித்துக்காட்ட வழியில்லை. 'பிடித்தப் பட்டியல்' என்றால் சிக்கல் தீரும். பிடித்தம் என்ற பெயரோடு சேரும்போது ஒற்று மிகும், பெயரெச்சமானால் மிகாது. ஒற்றை மறந்தால் போச்சு, ஆகவே அச்சுப் பிழை திருத்துபவரிடம் சொல்லி வையுங்கள். பேரோலிடமிருந்து பிடுங்கிய 'பட்டியல்' உண்மையிலேயே பட்டியலாக இருக்கும் ஒன்றுக்குப் போகிறது என்பது கூடுதல் லாபம்.

———

அனைவருக்கும் நன்றி. சொல்லடைவில் ஏற்றியவை: பேரோல் – ஊதியப்பணி, அவுட்சோர்சிங் – புறவிடுகை (இலங்கை வழக்கு: வெளிவாரி), டிடிஎஸ் ரிட்டர்ன் – காலாண்டுப் பிடித்தப் பட்டியல். சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க, கையேட்டின் மாதிரி ஒப்பந்தப் பத்தியை மாற்றி எழுதினேன்:

"நிறுவனம் தன் ஊதியப்பணியைப் பணியேற்பவருக்குப் புறவிடுகிறது. பணியேற்பவர் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் செலுத்துச்சீட்டு வரைவையும், காலாண்டுக் கெடுவுக்குப் பத்து நாள் முன்பு பிடித்தப் பட்டியல் வரைவையும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். வருமான வரித் தளத்திலும் டிடிஎஸ்ஸுக்கான டிரேசஸ் தளத்திலும் டான் எண்ணுக்குப் பதிவாகும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் நிறுவனத்துடையவையாகவே இருக்க வேண்டும்."

———

கடைசி வாக்கியம் மிக முக்கியம். பலர் அங்கே வெளி நிறுவனத்தின் மின்னஞ்சலைப் பதிந்துவிடுகிறார்கள். ஆளை மாற்றிய பிறகும் நோட்டீஸ் பழைய ஆளுக்கே போய்க்கொண்டிருக்கும்.

ஒரே திருத்தம்: 'பணியேற்பவர்' வேண்டாம், பொறுப்பையும் ஏற்றுக்கொண்டதுபோல் இருக்கிறது. 'பணி செய்பவர்' என்று போடுங்கள்.